இணையச் செயலி கற்க எந்தப் புத்தகம்? ஒரே குழுக் கணக்கை மூன்று புத்தகங்களில் செய்து பார்த்தோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அக்கா மகள் ஒரு நீள நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு அது. பதினாலு பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், வட்டி, தவணை, யார் எந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்பது வரை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

“மாமா, இத ஒரு வெப் அப்ளிகேஷனா செய்யணும். அம்மா ஃபோன்லயே திறந்து பார்க்கணும். காலேஜ் தொறக்க இன்னும் நாள் இருக்கு. எந்தப் புக்க வச்சு ஆரம்பிக்கட்டும்?”

கேட்டுவிட்டுப் பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தாள். முதலாவது அவளே படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல், அதில் இருப்பது பைத்தான். இரண்டாவது தோழியிடம் வாங்கிய பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள், அதில் பிஎச்பி. மூன்றாவது பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு தொடக்க நிலை ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம், ஆங்கிலத்தில்.

எந்த ப்ரோக்ராமிங் மொழியில் ஆரம்பித்தாலும் ஒன்றுதான் என்று பலர் சொல்வார்கள். வேலைக்குப் போய்ப் பத்து வருடம் ஆனவருக்கு அது சரி. முதல் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அது சரியல்ல, ஏனென்றால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு இடத்தில் கையை விட்டுவிடுகிறது. அது எந்த இடம் என்று தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் மாலை வேளைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து, அதே குழுக் கணக்கில் ஒரு சின்னத் துண்டை மட்டும் மூன்று தடவை செய்து பார்த்தோம்: உறுப்பினர் பெயர், தொகை, ஒரு ‘சேமி’ பட்டன், கீழே மொத்தம்.

காத்திருக்கும் ப்ரோக்ராமும் மறந்துபோகும் சர்வரும்

தொடக்க நிலைப் புத்தகத்தில் வரும் ப்ரோக்ராம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேலிருந்து கீழே ஓடும், நடுவில் நின்று “தொகை என்ன?” என்று கேட்கும், நாம் தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கும். அதுவரை எல்லா மாறிகளும் (மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்கள்) நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். அவள் ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் எழுதிப் பழகியிருந்தாள்.

வெப் அப்படி இல்லை. பட்டனை அழுத்தினால் பிரவுசரிலிருந்து ஒரு கோரிக்கை போகிறது, சர்வர் ஒரு பதிலைத் தருகிறது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த கோரிக்கை அதே ஆளிடமிருந்துதான் வருகிறது என்று சர்வருக்குத் தெரியாது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபி ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசரில் குக்கீ வந்தது, சர்வர் தந்த ஒரு சின்ன அடையாளத்தைப் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் திரும்பக் காட்டும் ஏற்பாடு.

அவளுக்கு நான் ரேஷன் கடையைச் சொன்னேன். கடைக்காரர் நம் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு சீனி தருவதில்லை. ஒவ்வொரு தடவையும் கார்டைக் காட்டுகிறோம், அவர் பதிவைப் பார்த்துவிட்டுத் தருகிறார். கார்டு குக்கீ, பதிவு டேட்டாபேஸ். கடைக்காரர் ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.

ஒரு புத்தகத்திலிருந்து வெப் கற்க முடியுமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு ஃபார்மில் எழுதிய 200 என்ற எண் பிரவுசரிலிருந்து கிளம்பி, சர்வரைத் தொட்டு, டேட்டாபேஸில் உட்கார்ந்து, திரும்பத் திரையில் தெரியும் வரை உள்ள முழுப் பயணத்தையும் கற்பவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். புத்தகம் அதைக் காட்டுகிறதா, மறைக்கிறதா, அந்த இடத்துக்கே வராமல் நின்றுவிடுகிறதா? மூன்றையும் இந்த ஒரு அளவுகோலில்தான் அளந்தோம்.

பிஎச்பி: ஆறு பாடத்தில் ஊர் வந்துவிடும்

கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை நான் எதிர்பார்ப்பு இல்லாமல்தான் திறந்தேன். மல்டிமீடியா, பேஜ்மேக்கர், மின்வணிகம் என்று பதினெட்டுப் பாடங்கள். ஆனால் நான்காம் பாடத்திலிருந்து ஒன்பதாம் பாடம் வரை ஒரு நேர்பாதை இருக்கிறது. பிஎச்பி அறிமுகம், செயற்கூறும் (ஃபங்ஷன்) அணியும் (அரே), நிபந்தனைகள், மடக்குகள் (லூப்), அப்புறம் ஃபார்ம், கடைசியில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸோடு இணைப்பு. அவ்வளவுதான். முழுப் பயணமும் ஆறே பாடத்தில். மூன்றாம் பாடத்தில் இருக்கும் டேட்டாபேஸ் அறிமுகத்தையும் சேர்த்துக்கொண்டால் ஏழு.

இது தற்செயல் அல்ல. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் பிஎச்பியை வெளியிட்டதே சொந்த வலைப்பக்கத்தைப் பராமரிக்கத்தான். வெப்புக்காகவே பிறந்த மொழி, அதனால் அதன் புத்தகமும் சுற்றி வளைக்காமல் வெப்புக்குப் போகிறது. நாம் தினமும் பார்க்கிற தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கியும் பிஎச்பிதான், வேர்ட்பிரஸும் அதுதான்.

எங்கள் குழுக் கணக்கு மூன்றாம் நாள் மாலையே இதில் வேலை செய்தது. முதல் நாள் மட்டும் சர்வர் கிளம்பவில்லை. சர்வருக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டை (கணினிக்குள் கோரிக்கை வரும் வாசல் எண்) வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. புதிதாக ஆரம்பிக்கிற ஒருவர் தனியாக இருந்தால் அங்கேயே மூடி வைத்துவிடுவார். பிஎச்பியிலேயே ஒரு சின்ன சர்வர் உள்ளடங்கி இருக்கிறது, 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே. ஒரே கட்டளையில் கிளம்பிவிடும். கற்கிற நாளில் அதுவே போதும்.

பிஎச்பியில் இன்னொரு நல்ல குணம்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ப்ரோக்ராம் புதிதாக ஆரம்பித்து முடிந்துபோகிறது. மேலே சொன்ன “சர்வர் மறந்துவிடும்” என்ற விஷயத்தை அது ஒளிக்காமல் காட்டுகிறது. மாறியில் வைத்த மொத்தம் அடுத்த கிளிக்கில் காணாமல் போனதும் அவள், “அப்ப டேட்டாபேஸ்லதான் வைக்கணும், இல்ல மாமா?” என்றாள். நான் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சரி, எங்கே கையை விடுகிறது? இரண்டு இடத்தில்.

ஒன்று, அது தவறை விழுங்குகிறது. அக்கா நோட்டில் இரண்டாயிரத்தை 2,000 என்று கமா போட்டுத்தான் எழுதுவாள். ஃபார்மிலும் அப்படியே எழுதினோம். ஏற்கெனவே உள்ள 1500-உடன் கூட்டியதும் வந்த விடை 1502. கமாவுக்கு முன்னால் இருந்த 2-ஐ மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு மேலே போய்விட்டது. நிஜ சர்வரில் அந்த எச்சரிக்கையைத் திரையில் காட்டாதபடி அணைத்து வைப்பதுதான் வழக்கம். அப்போது 1502 மட்டும்தான் தெரியும். 1,998 ரூபாய் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஒரு கணக்கு நோட்டுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

இரண்டு, பாதுகாப்பு. இதை நான் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்துக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டிக்ரூஸ் என்ற பெயருள்ள ஒருவர் பதிவு செய்ய வந்தார். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்துக்கு அடுத்து ஒற்றை மேற்கோள் குறி வரும். பக்கம் உடைந்து எரர் வந்தது. கடலோரத்தில் அந்த மாதிரிப் பெயர்கள் எத்தனை இருக்கின்றன! காரணம் எளிது: ஃபார்மில் வந்த பெயரை அப்படியே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டியிருந்தேன். அந்த மேற்கோள் குறி வாக்கியத்தையே பாதியில் மூடிவிட்டது. நல்ல மனிதர் பெயரை எழுதினால் எரர், கெட்ட எண்ணத்தோடு ஒருவர் எழுதினால் மொத்தப் பட்டியலும் அழியலாம். தீர்வு, மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுப்பது. இதைப் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ என்பார்கள். எந்த மொழியிலும் செய்யலாம். ஆனால் பிஎச்பி தொடக்கப் புத்தகங்களிலும் இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களிலும் ஒட்டுகிற பழக்கம் நிறைய இருக்கிறது. புத்தகம் சொல்லாவிட்டாலும் இதை முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டும்.

பைத்தான்: அடித்தளம் கெட்டி, வாசல் மட்டும் இல்லை

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பதினாறு பாடங்கள். முதல் நான்கு பொதுவானவை. ஐந்தாவதில்தான் பைத்தான் ஆரம்பிக்கிறது. மாறிகள், கட்டுப்பாட்டு அமைப்புகள், செயற்கூறுகள், சரங்கள், பட்டியலும் அகராதியும், இனக்குழுக்கள் என்று பத்தாம் பாடம் வரை நிதானமாகப் போகிறது. அப்புறம் டேட்டாபேஸ், எஸ்க்யூஎல், பதினைந்தாம் பாடத்தில் எஸ்க்யூலைட். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். குழுக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு கோப்பில் அடங்கிவிடும். பதினாலு பேர் கணக்குக்கு அது தாராளம்.

வெப் பற்றி மட்டும் ஒரு பாடம்கூட இல்லை. அது புத்தகத்தின் குற்றமும் அல்ல. கீடோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் பொதுவான வேலைகளுக்கான மொழி. வெப் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. ஆக, பதினைந்தாம் பாடம் முடிந்ததும் நம்மிடம் ஒரு நல்ல அடுக்களை இருக்கும், பரிமாற வாசல் இருக்காது. அந்த வாசலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இங்கே இரண்டு வழி உண்டு.

முதல் வழி ஜாங்கோ, வெப் செயலிக்கு வேண்டிய பொதுவான பகுதிகளைத் தயாராகத் தரும் ஒரு ஃபிரேம்வொர்க். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் வெளியானது. இன்ஸ்டாகிராம் இதில் கட்டப்பட்டது. ஆங்கிலத்தில் வரும் சில பைத்தான் தொடக்கப் புத்தகங்கள் கடைசிப் பகுதியில் ஜாங்கோவில் ஒரு சின்னச் செயலியைச் செய்யவைக்கின்றன. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒரு வரி நாம் எழுதும் முன்பே பத்துக்கு மேற்பட்ட கோப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். எது எதைக் கூப்பிடுகிறது என்று தெரியாமலே புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம், செயலி ஓடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது. மறுநாள் சொந்தமாக ஒரு கட்டம் சேர்க்கப் போனால் கை நடுங்குகிறது. லாகின், நிர்வாகப் பக்கம் எல்லாம் தயாராகத் தருகிற அருமையான கருவிதான் ஜாங்கோ. ஆனால் அது இரண்டாவது செயலிக்கு.

இரண்டாவது வழி ஃப்ளாஸ்க், இன்னொரு சின்ன ஃபிரேம்வொர்க். ஆர்மின் ரோனாகர் 2010-இல் கொண்டுவந்தது. ஏழெட்டு வரியில், ஒரே கோப்பில், ஒரு பக்கம் கிளம்பிவிடும். இந்த முகவரிக்குக் கோரிக்கை வந்தால் இந்தச் செயற்கூறு ஓட வேண்டும் என்று நாமே எழுதுகிறோம். அந்த வரியை எழுதும்போது அவள் நிறுத்தி, “இது நம்ம ஏழாம் பாடத்துல படிச்ச அதே ஃபங்ஷன்தானே?” என்று கேட்டாள். அதே ஃபங்ஷன்தான். கூப்பிடுகிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார். புத்தகத்துக்கும் வெப்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை ஃப்ளாஸ்க் அந்த ஒரு வரியில் தாண்டவைக்கிறது.

அதே 2,000 சோதனையை இதிலும் செய்தோம். ஃபார்மிலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். 1500 என்ற எண்ணோடு அதைக் கூட்டப் போனால் பைத்தான் நின்றுவிடுகிறது, எண்ணையும் சரத்தையும் கூட்ட முடியாது என்கிறது. சரி, எண்ணாக மாற்றிக் கொடு என்றால் கமாவைப் பார்த்து மறுபடி நிற்கிறது. அவளுக்கு முதலில் எரிச்சல். “பிஎச்பில ஒண்ணும் சொல்லலையே மாமா” என்றாள். அதுதான் வித்தியாசம். காசுக் கணக்கில், தப்பான இடத்தில் நின்றுவிடுகிற மொழி நமக்கு நல்லது செய்கிறது. கமாவை நீக்கிவிட்டு மாற்று என்று ஒரு வரி சேர்த்தாள், முடிந்தது. இன்னொன்றும் கவனித்தோம்: ௨௦௦ என்று தமிழ் இலக்கத்தில் எழுதினாலும் பைத்தான் அதை இருநூறாகவே எடுத்துக்கொள்கிறது. அன்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

ஃப்ளாஸ்க்கில் ஒரு பொறி மட்டும் உண்டு. உறுப்பினர் பட்டியலை ஒரு சாதாரண மாறியில் வைத்தாலும் லேப்டாப்பில் அது வேலை செய்வது போலவே தெரியும், ஏனென்றால் ப்ரோக்ராம் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தி மறுபடி ஓட்டினால் எல்லாம் போய்விடும். பிஎச்பி முதல் கிளிக்கிலேயே காட்டிக்கொடுத்த பாடத்தை ஃப்ளாஸ்க் சில நாள் மறைத்து வைக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்: முதல் நாள் மகிழ்ச்சி, மூன்றாம் வாரம் குழப்பம்

எதையும் நிறுவாமல் ஆரம்பிக்கலாம் என்பதுதான் ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தின் பெரிய பலம். பிரவுசர் இருந்தால் போதும். 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார், பிரவுசருக்குள் ஓடத்தான். பட்டனை அழுத்தினால் நிறம் மாறுகிறது, பட்டியல் நீள்கிறது, முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிறது. கற்கிறவருக்கு அந்த ஊக்கம் சின்ன விஷயம் இல்லை.

தமிழுக்கும் இது ரொம்ப உதவியாக இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று மூன்று மொழியிலும் கேட்டோம். நம் கண்ணுக்கு மூன்று. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐந்து என்றன, மகரத்தின் மேல் வரும் இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணியதால். பிஎச்பியின் வழக்கமான நீளச் செயற்கூறு பதினைந்து என்றது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால். ஜாவாஸ்கிரிப்ட்டில் மொழி சார்ந்த கருவித் தொகுப்பு ஒன்று உள்ளேயே இருக்கிறது, அதைக் கொண்டு எண்ணினால் சரியாக மூன்று வருகிறது. பிஎச்பியிலும் உரிய நீட்சியைச் சேர்த்தால் வரும்.

பெயர்களை வரிசைப்படுத்துவதிலும் இதே கதை. குழுவில் கமலாவும் இருக்கிறார், கன்னியம்மாளும் இருக்கிறார். அகரவரிசையில் னகரம் கடைசி மெய், ஆகவே கமலா முன்னால் வர வேண்டும். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வைக்கப்பட்டிருப்பதால் மூன்று மொழிகளும் அப்படியே வரிசைப்படுத்தினால் கன்னியம்மாளை முன்னால் வைக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. பைத்தானில் அதற்கு வெளியிலிருந்து ஒரு நிரலகம் வேண்டும்.

ஆனால் கணக்கு வேலையில் சறுக்கியது. 1500-உடன் ஃபார்மில் வந்த 200-ஐக் கூட்டியதும் 1500200 என்று ஒட்டிக் கொடுத்தது. எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பதினைந்து லட்சத்து இருநூறு ரூபாய்! இதில் ஒரு ஆறுதல், இவ்வளவு பெரிய எண் கண்ணில் பட்டுவிடும். பிஎச்பியின் 1502 அப்படிப் படாது.

இதைவிட முக்கியமான தடங்கல் வேறு. பிரவுசருக்குள்ளேயே தகவலைச் சேமிக்கும் வசதி ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டில் உண்டு, லோக்கல் ஸ்டோரேஜ் என்பார்கள். தொடக்க நிலையில் பலர் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மூடித் திறந்தாலும் பட்டியல் இருக்கிறதே! ஆனால் அது அந்த ஒரு பிரவுசரில் மட்டும்தான் இருக்கும். லேப்டாப்பில் பதிந்தது அக்காவின் ஃபோனில் தெரியாது. அதற்கு சர்வர் வேண்டும். 2009-இல் ரயன் டால் கொண்டுவந்த நோட்.ஜேஎஸ் (Node.js) என்ற மென்பொருள் இருக்கிறது, அதே மொழியிலேயே சர்வரும் எழுதலாம். ஆனால் அங்கே போனதும் ஒரு புதிய விஷயம் குறுக்கே நிற்கும்: கேட்ட விடை உடனே வராது, பிறகு வரும், வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். இன்னும் லூப்பே கைவசமாகாத ஒருவருக்கு இது பெரிய சுமை. எங்கள் புத்தகமோ பிரவுசரோடு நின்றுவிட்டது.

பழைய புத்தகத்தை வாங்குமுன்

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் கவனிக்க. பைத்தான் புத்தகத்தில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது பைத்தான் 2, அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பிஎச்பி புத்தகத்தில் டேட்டாபேஸ் இணைப்புக்கு வரும் மைஎஸ்க்யூஎல்ஐ என்ற பெயரில் கடைசி ‘ஐ’ இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம், அந்தச் செயற்கூறுகள் 2015-இல் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஜாவாஸ்கிரிப்ட்டில் லெட், கான்ஸ்ட் என்ற சொற்கள் கண்ணில் படுகிறதா பாருங்கள், 2015-க்குப் பின் வந்த புத்தகம் என்பதற்கு அது அடையாளம். ஜாங்கோவுக்கு 2017 டிசம்பரில் வந்த 2.0-க்கு முந்தைய புத்தகம் என்றால் முகவரிகளை எழுதும் முறையே வேறாக இருக்கும். எந்தப் புத்தகத்திலும் செயலியை இணையத்தில் ஏற்றுவது பற்றிய கடைசிப் பாடம்தான் முதலில் காலாவதியாகும். அதை மட்டும் புத்தகத்தை நம்பாமல், ஏற்றப் போகிற சேவையின் இப்போதைய வழிகாட்டியைப் பாருங்கள்.

மூன்று புத்தகமும் சொல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா ஃபோனில் 200 ரூபாய் பதிந்துவிட்டு, மொத்தம் மாறியதா என்று பார்க்கப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாள். பிரவுசர் ஏதோ கேட்டது, சரி என்று அழுத்தினாள். அதே 200 இன்னொரு தடவை பதிவானது. ரெஃப்ரெஷ் என்பது கடைசிக் கோரிக்கையைத் திரும்ப அனுப்புவது, அந்தக் கோரிக்கை ‘சேமி’ என்பதாக இருந்தால் மறுபடி சேமிக்கும். சேமித்து முடித்ததும் பிரவுசரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் இது நடக்காது. ஒரே ஒரு வரிதான்.

புத்தகம் இல்லாத வழிகள்

வீடியோ பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். நிறுவுவது, போர்ட் பிரச்சினை மாதிரி விஷயங்களுக்கு வீடியோதான் வசதி. ஆனால் முழுப் பாடத்தையும் வீடியோவில் பார்த்தவர்கள் கையை நிறுத்தி யோசிப்பது குறைவு என்பது நான் கண்டது. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அரை மணி நேரம் நிற்கலாம்.

பயிற்சி நிறுவனம் ஒன்றிலும் அவள் விசாரித்திருந்தாள். ஐந்திலக்கக் கட்டணம், மூன்று மாதம், ஐந்து மொழி. மூன்று மாதத்தில் ஐந்து மொழி என்றதுமே நான் வேண்டாம் என்றேன். அரசுப் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தால் செயற்கூறும் ஃபங்ஷனும், மடக்கும் லூப்பும் சேர்ந்தே மனதில் ஏறும். கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்கும்போது தடுமாற்றம் இருக்காது. கணியம் அறக்கட்டளையின் ‘எளிய தமிழில்’ வரிசையில் எச்டிஎம்எல் (வலைப்பக்கத்தை அமைக்கும் மொழி), மைஎஸ்க்யூஎல் பற்றிய மின்னூல்களும் இலவசம்.

லேப்டாப் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும் இருந்தாலும் டெர்மக்ஸ் என்ற செயலியில் மூன்று மொழிகளையும் நிறுவி ஓட்டலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். ஒரு புளூடூத் கீபோர்டு இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

எதை எடுப்பது

பன்னிரண்டாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படித்தவர்கள் பிஎச்பியை விட்டு நகர வேண்டாம். பதினொன்றாம் வகுப்பிலேயே எச்டிஎம்எல், பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் படித்திருப்பீர்கள். பாதி வழி கடந்தாயிற்று. கேள்விக்குறி போட்டு எஸ்க்யூஎல் எழுதுவது, எண்ணைக் கூட்டுமுன் சரிபார்ப்பது, பயனர் எழுதியதைத் திரையில் காட்டுமுன் அதிலுள்ள குறிகள் பக்கத்தின் கட்டளையாக ஓடிவிடாதபடி மாற்றுவது, இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான்தான் இப்போது நாகரிகம் என்று யாராவது சொன்னால் அதற்காக முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

திரையில் தெரிவதில்தான் ஆர்வம், சர்வர் பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட். பட்டியல் வேறு ஃபோனில் தெரிய வேண்டும் என்ற தேவை வரும்வரை பிரவுசருக்குள்ளேயே நன்றாக விளையாடுங்கள். அதுவரை ஃபிரேம்வொர்க் எதையும் தொட வேண்டாம்.

இரண்டும் இல்லாமல், கையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது, அதைத் தப்பில்லாமல் செயலியாக மாற்ற வேண்டும் என்றால் நான் பைத்தானைத்தான் சொல்வேன். அக்கா மகளுக்கும் அதையே சொன்னேன். ஐந்தாம் பாடத்திலிருந்து ஒன்பது வரை நிதானமாக, ஒவ்வொரு பயிற்சியையும் கையால் எழுதி. பத்து, பதிமூன்று, பதினாலு, பதினாறு இப்போதைக்கு வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்தில் டேட்டாபேஸ். அப்புறம் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகளிலிருந்து எச்டிஎம்எல் பாடங்கள், முக்கியமாக ஃபார்ம். கடைசியில் ஃப்ளாஸ்க்கின் சொந்த வழிகாட்டி. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறேழு வாரத்தில் ஒரு ஃபார்ம், ஒரு பட்டியல், ஒரு மொத்தம் சொந்தமாக எழுதும் நிலை வரும் என்பது என் கணிப்பு. கடன், வட்டி எல்லாம் அதற்கு மேல்தான். ஆரம்பத்திலிருந்தே தொகையை ரூபாய்ப் பின்னமாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், வட்டி கணக்கிடும்போது அந்த அருமை தெரியும்.

இணையத்தில் ஏற்ற இன்னும் நேரம் வரவில்லை. லாகின் எழுதாமல் பதினாலு பேர் கடன் விவரத்தை வெளியே வைக்கக் கூடாது. இப்போதைக்கு வீட்டு வைஃபையில் லேப்டாப்பை சர்வராக வைத்து, அக்கா ஃபோனில் அந்த முகவரியைத் திறக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித் திறந்து பார்த்துவிட்டு அக்கா முதலில் சொன்னது பெயர் வரிசையைப் பற்றித்தான். கமலா முன்னாலா, கன்னியம்மாள் முன்னாலா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். “அதெல்லாம் எதுக்குடி? நோட்டுல இருக்கிற வரிசைலயே போடு. யார் முதல்ல சேர்ந்தாங்களோ அவங்க முதல்ல” என்றாள் அக்கா. மகள் உறுப்பினர் எண் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.